அடுப்படிக் கதவுக்கு வெளித் தாழ்ப்பாள்

போன மாதம் வீட்டு வசதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். குடியிருப்புகளைப் பராமரிக்கிறவர்களுக்கு இப்போது வகுப்பு எடுக்கிறார்களாம். ஒரு வீட்டுக்குள் பெண் அடி வாங்குகிறாள் என்பதை எந்த அடையாளங்களை வைத்துத் தெரிந்துகொள்வது, தெரிந்தால் என்ன செய்வது என்று. அச்சடித்த தாள் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, "சார், உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிக் கையாண்டீங்கன்னு ஒரு பத்து நிமிஷம் வந்து பேசணும்" என்றாள்.

கையாண்டோமாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தேன். ஒரே கதவு திரும்பத் திரும்பப் பழுதாவது. வீட்டுக்காரர் இல்லாதபோது மட்டும் மனைவி புகார் சொல்ல வருவது. உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாதபடி பூட்டோ தாழ்ப்பாளோ இருப்பது. இப்படி ஒரு பன்னிரண்டு அடையாளம் போட்டிருந்தார்கள். அதில் ஒன்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா, ஒன்றைக் கையெழுத்துப் போட்டு நானே செய்தும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் அப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. உடம்பு சரியில்லை, கூட்டத்துக்கெல்லாம் வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

விருத்தாசலத்தில் ரயில் பாதைக்கு மேற்கே ஒரு பீங்கான் தொழிற்சாலை இருந்தது. பெயர் எதற்கு, இப்போது அது இல்லை. கோப்பை, ஊறுகாய் ஜாடி, மின்கம்பத்துக்கு வைக்கிற வெள்ளைப் பீங்கான், எல்லாம் செய்தார்கள். தொழிலாளிகளுக்கு நாற்பத்தெட்டு வீடு, நாலு வரிசையாக, ஓடு போட்டுக் கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு கூடம், அதற்குப் பின்னால் அடுப்படி, அடுப்படியிலிருந்து கொல்லைக்கு ஒரு கதவு. அவ்வளவுதான் வீடு. அந்த நாற்பத்தெட்டுக்கும் நான் ஓவர்சியர். அறுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்பு சிதம்பரத்தில் ஒரு வருடம் சுண்ணாம்பு, சிமெண்டு, சாக்கடைச் சரிவு, ஓட்டுக்குக் கீழே ரீப்பர் கட்டை அடிப்பது எல்லாம் கற்றேன். வீடு என்றால் சுவரும் கூரையும் என்று கற்றுக்கொடுத்தார்கள். அதற்குள் ஆள் இருப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் மேலதிகாரி தணிகாசலம். குடியிருப்பு அதிகாரி என்று கதவில் பலகை. காலையில் எட்டரை மணிக்கு, மழை இருக்கிறதோ இல்லையோ, குடையோடு வரிசைகளைச் சுற்றி வருவார். வீட்டு வாசலைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போகமாட்டார். வெளியே நின்று குடைப்பிடியால் சுவரில் இரண்டு தட்டு. காரை பெயர்ந்திருந்தால் சத்தம் பொக்கென்று கேட்கும், "குறிச்சிக்கய்யா" என்பார். அதில் மன்னன். நாற்பத்தெட்டு வீட்டுச் சுவரில் எங்கே பொக்கு இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். ஒரு சுவருக்குப் பின்னால் பெண் அலறுகிற சத்தம் கேட்டால் மட்டும் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். நான் புதிதில் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தேன். "செவுரு நம்மளுது வைத்தி. சத்தம் அவங்களுது" என்றார். அதைப் பெரிய வேதவாக்கு என்று எண்ணி நானும் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன்.

கோபப்படவே மாட்டார் மனிதர். இல்லை என்று சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி முனையால் துடைப்பார், திரும்ப மாட்டுவார், அப்புறம் பச்சை மையில் இல்லை என்று எழுதுவார். அந்தத் துடைப்பைப் பார்த்தவுடனேயே வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

குடும்பச் சண்டை என்று யாராவது வந்தால் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். புருஷனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைப்பார். டீ வரும். பெண்டாட்டி வெளியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே புருஷனிடம் ஷிப்ட் எப்படிப் போகிறது, ஊரில் மழை உண்டா என்று பேசுவார். கடைசியில் வெளியே எட்டிப் பார்த்து, "அனுசரிச்சுப் போம்மா, கோட்ரஸ் பேரு கெட்டுடக் கூடாது" என்பார். அக்கம்பக்கத்தார் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான் புத்தகத்தில் ‘சமாதானம்’ என்று எழுத வேண்டும். ஒரு தடவை வந்த பெண் மறு தடவை வரமாட்டாள். புகார்கள் குறைந்துவிட்டன என்று தணிகாசலம் முதலாளியிடம் பெருமையாகச் சொன்னார். அடிபட்டவள் வாயை மூடிக்கொண்டதைச் சமாதானம் என்று எழுதிய கை இந்தக் கைதான்.

இன்னொரு முறையும் உண்டு. பழுது என்று எது சொல்வதானாலும் சீட்டில் எழுதித் தர வேண்டும். சீட்டின் அடியில் வீடு யார் பெயரில் ஒதுக்கியிருக்கிறதோ அவர் கையெழுத்து இருக்க வேண்டும். வீடெல்லாம் ஆண்கள் பெயரில். ஆக, ஓடு உடைந்து தலையில் மழை ஒழுகினாலும், வீட்டிலேயே இருக்கிற பெண்டாட்டி வேலைக்குப் போன புருஷன் வரும்வரை காத்திருந்து கையெழுத்து வாங்கி வர வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான். கையெழுத்து இல்லாத சீட்டை இரண்டு விரலால் எடுத்துத் திருப்பிக் கொடுப்பதில் எனக்கு ஒரு தனி மிடுக்கு.

இந்த லட்சணத்தில் இருந்தபோதுதான், எழுபதுகளின் ஆரம்பத்தில், மூன்றாம் வரிசைக் கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டில் கோவிந்தன் குடிவந்தான். சூளைக்காரன். சூளையில் தீ எத்தனை வைக்க வேண்டும், எப்போது தணிக்க வேண்டும் என்பது கண்ணால் பார்த்தே தெரிந்தவன். அவன் லீவு போட்டால் ஒரு சூளைச் சரக்கு வெடித்துப் போகும் என்று மேனேஜரே பயப்படுவார். குடி கிடையாது. பீடி கிடையாது. என்னைப் பார்த்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா சார்" என்பான். பெண்டாட்டி அஞ்சலை. விருத்தாசலத்துக்கு மேற்கே உள்ள மங்களூர்ப் பக்கத்து ஊர். கல்யாணமாகி நாலு வருடம், பிள்ளை இல்லை.

பொங்கலுக்கு முன்னால் குடியிருப்பில் எந்த வீடு சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். பரிசு, எங்கள் தொழிற்சாலையிலேயே செய்த பெரிய ஊறுகாய் ஜாடி. அந்த வருடம் கோவிந்தன் வீட்டுக்குத்தான் கொடுத்தோம். அந்த வீட்டைப் பார்த்து நான் அசந்து போனேன். தரையில் ஒரு தூசி இல்லை. சுவரில் ஒரு ஆணி இல்லை. அடுக்கி வைத்த பாத்திரம் ஒரு நூல் பிசகாமல் வரிசையில் இருந்தது. அஞ்சலை குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், அலுமினியத் தம்ளரில். மற்ற எல்லா வீட்டிலும் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கோணல் கோப்பைகள் நிறைய இருக்கும். இந்த வீட்டில் ஒரு பீங்கான்கூட இல்லை. சிக்கனமான பெண் என்று நினைத்துக்கொண்டேன். உடைகிற சாமான் அந்த வீட்டில் நிற்காது என்று தெரிந்துகொள்ள ஓவர்சியர் படிப்பு போதவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கரையான் பார்க்கப் போனபோது ஜாடியைக் காணோம். கேட்டேன். "கை தவறிப் போச்சு சார்" என்றாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பெனி கொடுத்த பரிசைக் கவனமாக வைத்திருக்க வேண்டாமா என்று நாலு வார்த்தை புத்தி சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு கோவிந்தனிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. கையெழுத்து அழகாக, இடம் தவறாமல் போட்டிருந்தான். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள கதவுக்குக் கூடத்துப் பக்கமாகத் தாழ்ப்பாள் வேண்டும். காரணம், கோயில் பக்கத்துக் குரங்குகள் ஓட்டைப் பிரித்துக்கொண்டு அடுப்படிக்குள் இறங்குகின்றன, கூடத்துக்குள் வராமல் தடுக்க வேண்டும். நியாயமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு ஆசாரி கலியமூர்த்தியிடம் கொடுத்தேன்.

ஆசாரி போய்விட்டு உளியோடு திரும்பி வந்தான். "சார், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு தாப்பா கேக்குறாரு சார் அவரு."

"கேட்டா போட்டுக் குடுக்க வேண்டியதுதானே?"

"கொரங்குக்கு எதுக்கு சார் ரெண்டு தாப்பா? அதுவும் கொல்லக் கதவ அவரே ஆணி அடிச்சு மூடி வெச்சிருக்குறாரு. திருடன் பயமாம். அந்த அடுப்படிக்குள்ள ஒரு ஆளு போனா வெளிய வர வழியே இல்ல சார்."

"ஆசாரி, உனக்கு வேல தாப்பா போடுறது. கணக்குப் போடுறது இல்ல" என்றேன்.

அவன் போய் இரண்டையும் போட்டுவிட்டு வந்தான். ஐந்தாம் வகுப்பு தாண்டாத ஆசாரிக்கு அந்தக் கதவைப் பார்த்தவுடன் தெரிந்தது. வருடம் முழுக்கச் சிதம்பரத்தில் படித்தவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுகூடச் சொல்லக் கூடாது. தெரிந்துகொண்டால் வேலை கூடும் என்று தெரிந்திருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் பதினோரு மணிக்கு அஞ்சலை அலுவலகத்துக்கு வந்தாள். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டிருந்தாள். கையில் ஒரு சீட்டு. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் எழுதி வாங்கியது போலிருந்தது. ‘கொல்லைக் கதவு திறக்கவில்லை. திறக்கும்படி செய்து தரவும்.’ அடியில் கையெழுத்து இல்லை.

"வூட்டுக்காரர் கையெழுத்து எங்கம்மா?"

"அவரு வேலைக்குப் போயிருக்காரு சார். பின்கதவ மட்டும் தொறக்குற மாதிரி பண்ணிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"கையெழுத்து வாங்கிக்கிட்டு வா, செஞ்சு தரேன்."

அவள் நகரவில்லை. "அவரு கையெழுத்துப் போடுற மாதிரி இருந்தா நான் ஏன் சார் இங்க வரேன்?" என்றாள்.

இதைவிட வெளிப்படையாக ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? இன்றைக்கு அந்தத் தாளில் போட்டிருக்கிற பன்னிரண்டு அடையாளத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு என்ன தோன்றியது என்றால், இவள் எதிர்த்துப் பேசுகிறாளே என்று தோன்றியது. சீட்டை இரண்டு விரலால் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் சாதாரண முட்டாள் என்று கணக்காகியிருக்கும். சாயங்காலம் ஷிப்ட் விட்டு வந்த கோவிந்தனை வாசலில் பார்த்தேன். ஒதுக்கீடு அவன் பெயரில் இருக்கிறது, அவன் வீட்டிலிருந்து புகார் வந்தால் அவனுக்குச் சொல்வதுதான் மரியாதை. கூப்பிட்டுச் சொன்னேன். "உங்க வூட்டுல வந்து கொல்லக் கதவத் தொறந்து குடுக்கச் சொன்னாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா ஆளனுப்புறேன்."

அவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். "அப்படிங்களா சார். ரொம்ப நன்றிங்க. நான் பாத்துக்குறேன்" என்றான். சிரித்த முகம்.

நாலாம் நாள் காலையில் பாய் வீட்டம்மா வந்தார். ஜைத்தூன் பீவி. கடைசி வீடு அவருடையது, கோவிந்தன் வீட்டை ஒட்டியது. அவர் கணவர் எங்கள் சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். அந்த அம்மாள் அதுவரை அலுவலகத்துப் பக்கம் வந்ததே இல்லை. வந்தவர் உட்காரவும் இல்லை.

"ஓவர்சியர் சார், அந்தப் பொண்ணு மூணு நாளா கொழாயடிக்கு வரல. அடுப்படியில போட்டுத் தாப்பா போட்டுட்டுப் போறான் அவன். வந்து தொறந்து அடிக்கிறான், திரும்பப் போட்டுடறான். ஜன்னல் கம்பி வழியா நான்தான் தண்ணியும் இட்லியும் குடுத்துக்கிட்டு இருக்கறேன். அவ கையி வீங்கி, ஒதடு கிழிஞ்சி இருக்குது. நீங்க என்னமோ சொன்னீங்களாமே அவன்கிட்ட?"

தணிகாசலத்திடம் ஓடினேன். அவர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி முனையால் துடைத்தார்.

"சூள எரியுது வைத்தி. சனிக்கெழம வரைக்கும் அவனத் தொட முடியாது. மேனேஜர் என்னயத் தூக்கிச் சூளையில போட்டுடுவாரு."

"சார், ஒரு மனுஷியக் கம்பெனி கதவுல கம்பெனி தாப்பா போட்டு அடச்சி வெச்சிருக்கறான் சார்."

"புருஷன் பொண்டாட்டி விஷயம். இன்னிக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குச் சேந்துக்குவாங்க. நாம நடுவுல போனா நமக்குத்தான் கெட்ட பேரு. சனிக்கெழமைக்கப்புறம் கூப்பிட்டு டீ குடுத்துப் பேசுவோம்."

வெளியே வந்து நின்றேன். என்னிடம் வீரம் ஒன்றும் பொங்கவில்லை. என் கையெழுத்தால் போட்ட தாழ்ப்பாளுக்குள் அவள் செத்துப் போனால் என்ன ஆகும் என்ற பயம்தான் முதலில் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பழுதுப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு சங்கதி கண்ணில் பட்டது. கட்டடத்துக்கு ஆபத்து என்று ஓவர்சியர் கருதினால், குடியிருப்பவர் கையெழுத்து இல்லாமலே எந்தக் கதவையும் எந்தக் கூரை ஓட்டையும் பிரித்துச் சரிபார்க்கலாம். முதல் பக்கத்திலேயே அச்சடித்து ஒட்டியிருந்தது. ஆறு வருடமாக அந்தப் பக்கத்தின் மேல்தான் டீத் தம்ளரை வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் சீட்டோடு வந்தபோதே இந்த விதிப்படி ஐந்து நிமிடத்தில் அந்தக் கொல்லைக் கதவைத் திறந்து கொடுத்திருக்கலாம்.

‘கரையான். கதவு இரண்டும் உடனே கழற்ற வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆசாரியைக் கூப்பிட்டேன். சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இப்பத்தான் கரையான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா சார்?" என்றான்.

கோவிந்தன் சூளையில் இருந்த நேரம். முன்கதவின் சாவி ஒன்று எங்களிடம் எப்போதும் உண்டு. ஜைத்தூன் பீவியும் கூட வந்தார். கூடம் பளபளவென்று இருந்தது. அடுப்படிக் கதவில் மேலும் கீழும் புதுத் தாழ்ப்பாள். ஆசாரி நல்ல வேலைக்காரன், இரண்டும் வெண்ணெய் மாதிரி நகர்ந்தன.

அஞ்சலை அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்புப் பற்றவைத்து நாளாகியிருந்தது. முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடியிருந்தது. இடது கையை மடியில் போட்டிருந்தாள், அது அசையவில்லை. அந்த அறையில் அடித்த வாடையைப் பற்றி எழுத விரும்பவில்லை, மூன்று நாள் அடைத்து வைத்தால் மனிதர்களுக்கு என்ன ஆகுமோ அதுதான். ஆசாரி உளியைப் போட்டுக் கொல்லைக் கதவின் ஆணிகளைப் பிடுங்கினான். கதவு திறந்ததும் வெயில் உள்ளே வந்தது. பிறகு இரண்டு கதவையும் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்தான்.

நான் பெரிதாக என்னவோ சாதித்துவிட்டவன் போல நின்றேன். அவள் கழற்றி வைத்த கதவுகளைப் பார்த்தாள். "சாய்ங்காலம் அவரு வருவாரே சார். அப்ப நான் எங்க இருக்கறது?" என்றாள்.

கதவைப் பற்றி மட்டும் யோசித்திருந்தேன். அவள் எங்கே போவாள் என்று யோசிக்கவே இல்லை. வீடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்பதை அந்த நேரத்தில் நினைத்தபோது சிரிப்புக்கூட வரவில்லை.

"ஊருக்குப் போறியாம்மா?" என்றேன்.

"ரெண்டு தடவ போயிட்டேன் சார். எங்கப்பா பஸ்ஸு ஏத்தி இங்கயே கொண்டாந்து வுட்டுட்டாரு. வாழாவெட்டியா வந்து நின்னா தங்கச்சிங்களுக்குக் கல்யாணம் ஆவாதாம்."

ஜைத்தூன் பீவி அவள் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினார். "எங்க போவா? என் வூட்டுக்கு வருவா. எழுந்திரு தங்கச்சி" என்றார். கணவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை. கொல்லை வழியாகவே தாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கோவிந்தன் ஜைத்தூன் பீவி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். மரியாதையாகத்தான் கேட்டானாம், "என் பொண்டாட்டிய அனுப்புங்க" என்று. அந்த அம்மாள் கையில் அரிவாள்மனையோடு வாசலை அடைத்து நின்று, "உள்ள வந்து கூப்டுக்கய்யா" என்றாராம். அவன் வரவில்லை. அடிக்கிற ஆளுக்கும் ஆள் பார்த்துத்தான் அடிக்கத் தெரியும். மறுநாள் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கதவு காணோம் என்று கையெழுத்தோடு சீட்டு எழுதிக் கொடுத்தான். தணிகாசலம் அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே கதவை மாட்டச் சொன்னார். அஞ்சலை மாதிரி ஆட்கள் நடையாய் நடந்தாலும் நகராத அலுவலகம் அன்றைக்கு எத்தனை சுறுசுறுப்பு!

பிறகுதான் தணிகாசலத்தின் திறமை முழுவதும் வெளியே வந்தது. அஞ்சலைக்குக் கை சரியானதும் தொழிற்சாலையில் கோப்பைகளின் ஓரம் சுரண்டும் கொட்டகையில் தினக்கூலி வேலை கிடைத்தது. முதல் வரிசையில் ஒரு வீடு, வருகிற விருந்தாளிகளுக்கு என்று, வருடம் முழுக்கப் பூட்டியே கிடந்தது. அவளும் தொழிலாளிதானே, அவள் பெயரில் அதைக் கொடுக்கலாம் என்று எழுதி வைத்தேன். இரண்டு நாளில் பச்சை மையில் பதில் வந்தது. ‘இவருக்கு மூன்றாம் வரிசையில் கணவர் பெயரில் வீடு இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு வீடு விதிப்படி கூடாது.’

எந்த வீட்டிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தோமோ, அந்த வீடு இருப்பதால் அவளுக்கு வீடு கிடையாது. ஒரு எழுத்துப் பிசகில்லை, விதியும் சரிதான். இப்படி ஒரு வாக்கியத்தை எழுத மனிதனுக்கு எத்தனை வருட சர்வீஸ் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வாரம் இன்னொரு கடிதம். ஜைத்தூன் பீவியின் கணவர் பெயருக்கு. அவர் வீட்டில் மூன்று நாளுக்கு மேல் வெளியாள் தங்கியிருக்கிறார், உடனே அனுப்பாவிட்டால் ஒதுக்கீடு ரத்து. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை. நான் அதைச் சாக்கடைக் குழாய்க் கோப்புக்குள் செருகி வைத்துவிட்டு, ஆள் வீட்டில் இல்லை, நாளைக்குக் கொடுக்கிறேன், ஷிப்ட் மாறிவிட்டது என்று பதினெட்டு நாள் சாக்குச் சொன்னேன். என் இருபத்தெட்டு வருட சர்வீஸில் ஒரு பெண்ணுக்காக நான் செய்த வீரம், சொல்லிக்கொள்ளும்படி, ஒரு கடிதத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தது.

அந்தப் பதினெட்டு நாளுக்குள் ஜைத்தூன் பீவி காரியத்தை முடித்துவிட்டார். பெண்ணாடத்தில் அவர் தம்பிக்கு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு அறை. தம்பி பெண்டாட்டிக்குத் துணையாக இருக்கட்டும், மசாலா இடிக்கட்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அஞ்சலையைத் தானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். நாற்பத்தெட்டு வீட்டுச் சாவியும் எங்கள் அலுவலகச் சுவரில்தான் தொங்கியது. அவளுக்கு இருக்க இடம் கொடுத்தது தனக்கென்று சாவிகூட இல்லாத அந்த அம்மாள். தணிகாசலம் புத்தகத்தை வாங்கி, கோவிந்தன் பெயருக்கு நேரே, ‘சமாதானம்’ என்று தன் கையாலேயே எழுதினார்.

கோவிந்தன் மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. சூளை நன்றாக எரிந்தது.

அதற்குப் பிறகு நாலைந்து வருடம் இருக்கும். விருத்தாசலம் பஸ் நிலையத்தில் மத்தியான நேரத்தில் நின்றுகொண்டிருந்தேன். "ஓவர்சியர் சார்தானே?" என்று குரல். திரும்பினால் அஞ்சலை. சற்றுச் சதை போட்டிருந்தாள். கையில் ஒரு பெரிய பை. இடது கையை முழுக்க நீட்ட முடியவில்லை என்பதைக் கவனித்தேன்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கறேன் சார். மசாலா மில்லுல வேல. தனியா ஒரு ரூம்பு எடுத்திருக்கறேன். எம் பேருலதான் குடுத்தாங்க."

"சந்தோஷம்மா" என்றேன். கதவைக் கழற்றியதைப் பற்றி அவள் ஏதாவது சொல்வாள் என்று வெட்கமில்லாமல் எதிர்பார்த்து நின்றேன். உங்களால்தான் சார் பிழைத்தேன் என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்டுவிட்டால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும் என்ற நப்பாசை.

அவள் பையைத் தரையில் வைத்தாள். "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளும்மா."

"அன்னிக்கு நான் சீட்டு கொண்டாந்தேனே. கையெழுத்து இல்லன்னு திருப்பிக் குடுத்தீங்க, அது கூடப் பரவால்ல. அத ஏன் சார் அவருகிட்ட சொன்னீங்க?"

அவள் சண்டைக்கு நிற்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். இத்தனை வருடம் அதை யோசித்துப் பார்த்திருக்கிறாள், ஒரு காரணமும் பிடிபடவில்லை. நானும் தேடிப் பார்த்தேன். அவன் எனக்கு வேண்டியவன் இல்லை. அவள் மேல் எனக்கு விரோதம் இல்லை. அவனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவும் இல்லை.

"வூடு அவரு பேருல இருந்துச்சு இல்ல. வூட்டுக்காரர்கிட்டச் சொல்லுறது வழக்கம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"அவரும் அதத்தான் சார் சொல்லுவாரு. அடிச்சு முடிச்சிட்டு, எல்லா வூட்டுலயும் நடக்குறதுதான, வழக்கந்தானன்னுவாரு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பெண்ணாடம் பஸ்ஸில் ஏறிப் போனாள்.